நிறம் வேறானால் இனமும் வேறா? ஸ்பிரிங்டெயில்களுக்குப் பெயரிடும் முன்

மட்கிய இலைகளுக்கு அடியில் வாழ்ந்து, வயிற்றின் கீழ் மடிந்திருக்கும் கவை போன்ற உறுப்பால் தரையை உதைத்துத் துள்ளும் ஸ்பிரிங்டெயில் என்னும் சிற்றுயிரிகளை வகைப்படுத்தும் பணியில், நான் அதிகம் எதிர்கொள்ளும் கேள்வி நிறத்தைப் பற்றியதே. மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ ஓர் உயிரியைக் கண்டவுடன் அதைப் புதிய இனமாகவே கருதிவிடுகிறார்கள்.

ஐரோப்பியத் தோட்டங்களில் குளிர்காலத்தில் எளிதில் காணக்கூடிய டிசிர்டோமினா பேரினத்தை எடுத்துக்கொள்வோம். 1842-இல் பெயரிடப்பட்ட ஆர்னாட்டா இனத்துக்கு உருண்டை உடலின் பின்முனையில் அடர்ந்த கரும்பழுப்புத் திட்டு ஒன்று இருக்கும். 1862-இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜான் லப்பக் பெயரிட்ட சாண்டர்சி இனத்தில் அதே திட்டு குறுக்குக் கோடுகளாகப் பிரிந்திருக்கும். முதிர்ந்தவற்றில் தெளிவாகத் தெரியும் இவ்வேறுபாடு இளம் உயிரிகளில் முழுமையாக உருவாகியிருக்காது என்பதால், அவற்றின் படத்தை மட்டும் வைத்து இனப்பெயர் சொல்வதை நான் தவிர்க்கிறேன்.

அதற்காக நிறத்தை ஒதுக்கிவிடவும் கூடாது. எண்டோமோப்ரியா பேரினத்தில் சில நிற வேறுபாடுகள் மரபணு வேறுபாட்டோடு பொருந்துகின்றன. வேறு சிலவற்றில் ஒரே நிறக்கோலத்துக்குள் பல மரபுவழிகள் மறைந்துள்ளன. முதிர்ச்சி அடைந்த பிறகும் தோலுரித்துக்கொண்டே இருக்கும் இவ்வுயிரிகளின் பொலிவு தோலுரிப்பை ஒட்டி மாறும். ஆல்கஹாலில் நிறம் மங்கும்; லெபிடோசிர்டஸ் போன்றவற்றுக்கு உலோக மினுமினுப்பைத் தரும் செதில்களும் உதிர்ந்துவிடும். ஆகவே, உயிருடன் இருக்கும்போதே மேலிருந்தும் பக்கவாட்டிலும் பின்புறமும் படம் எடுத்து, அதே உயிரியைப் பதப்படுத்தி, மயிர்களின் அமைப்பு, நகத்தின் பற்கள், துள்ளு உறுப்பின் நுனி ஆகியவற்றை நுண்ணோக்கியில் ஒப்பிட வேண்டும். படத்துக்கும் மாதிரிக்கும் ஒரே எண் இடாவிட்டால் இந்த உழைப்பு முழுவதும் வீண்.

பெயரிடுதலில் குழப்பம் இன்னும் அதிகம். ஒரு புதிய பெயர் 1960-க்குப் பிறகு ‘வெரைட்டி’ (வகை) அல்லது ‘ஃபார்மா’ (வடிவம்) என்று வெளிப்படையாகக் குறிக்கப்பட்டு வெளியாகியிருந்தால், விலங்கியல் பெயரிடல் விதிமுறை அதை ஏற்பதில்லை. அதற்கு முந்தைய அத்தகைய பெயர்கள் பெரும்பாலும் துணையினப் பெயர்களாகக் கருதப்படுகின்றன. மூல விவரிப்பே அவற்றைத் துணையினத்துக்கும் கீழே வைத்திருந்தால் பொதுவாக அவ்வாறு கருத இயலாது. இதனால் பழைய நிறவடிவப் பெயர் ஒன்றை மீட்டெடுக்க விரும்புபவர், அது முதலில் எந்த நிலையில் வெளியானது என்பதை மூல நூலிலேயே பார்த்தாக வேண்டும். புதிதாகக் காணும் நிறவடிவத்துக்கு லத்தீன் பெயர் சூட்ட வேண்டாம். ‘பின்திட்டு இல்லாத மஞ்சள் வடிவம்’ என்று தமிழில் விவரித்தாலே போதும்.

ஸ்பிரிங்டெயில் வளர்ப்பாளர்களிடையே புழங்கும் ‘தாய் ரெட்’ (Thai Red) என்பதும் விற்பனைப் பெயரே. அதன் பெட்டியில் ‘லோபெல்லா பேரினம், இனம் தீர்மானிக்கப்படவில்லை’ என்று எழுதி, வாங்கிய தேதியையும் குறித்து வையுங்கள். அதே நிறத்தில் வேறோரிடத்திலிருந்து வந்த கூட்டத்தை அதனுடன் கலக்காதீர்கள். கலந்துவிட்டால், எந்த உயிரி எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு எந்த நுண்ணோக்கியாலும் சொல்ல முடியாது.