கிளினிக்கல், டிரான்ஸ்லேஷனல்: இரு அடைமொழிகளின் தமிழ்

பட்டப்பின் மருத்துவப் படிப்பைத் தேடும் கொழும்பு மாணவர் ஒருவர் ‘கிளினிக்கல் அண்ட் டிரான்ஸ்லேஷனல் ரிசேர்ச்’ என்ற பாடநெறிப் பெயரை ‘மருத்துவ மற்றும் மொழிபெயர்ப்பு ஆராய்ச்சி’ என்று தமிழில் எழுதினால், முதற்பாதி மங்கலாகவும் பிற்பாதி முழுப் பிழையாகவும் அமையும்.

‘கிளினே’ என்றால் கிரேக்கத்தில் கட்டில். கட்டிலருகே சென்று நோயாளியைப் பார்க்கும் வைத்தியரைக் குறித்த சொல்லே ‘கிளினிக்கல்’ ஆயிற்று. ஆனால் கொழும்பு அரச வைத்தியசாலையொன்றில் கிளினிக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, இலக்கம் எடுத்து, வாங்கில் காத்திருப்பவருக்குக் கிளினிக் என்பது விடுதியில் தங்காமல் குறித்த திகதியில் வந்துபோகும் இடம். கட்டில் அச்சொல்லிலிருந்து எப்போதோ கழன்றுவிட்டது, நோயாளர் மட்டும் நிலைத்திருக்கிறார். ஆகவே ‘நோயாளர்சார் ஆய்வு’ என்பதே பொருத்தம். ‘மருத்துவ ஆய்வு’ என்றால் ஆய்வுகூடத்தில் எலியின் ஈரலை ஆராய்வதும் அதற்குள் அடங்கிவிடும். ‘சிகிச்சை ஆய்வு’ என்றால் நோயறிதல் வெளியே நின்றுவிடும்.

‘டிரான்ஸ்லேஷன்’ என்பதன் இலத்தீன் மூலம் ‘டிரான்ஸ்ஃபெர்ரே’, அதாவது ஓரிடத்திலிருந்து அப்பால் கொண்டுசெல்லுதல். மொழி அவ்வாறு கொண்டுசெல்லப்படும் பொருள்களில் ஒன்றுதான். தமிழின் ‘பெயர்’ என்ற வினையும் அதே இயல்பினது: குறுந்தொகையின் ‘மொழிபெயர் தேஎத்தர்’ என்னும் தொடர் மொழி மாறும் நாட்டில் இருப்பவரைச் சுட்டுகிறது, தொல்காப்பிய மரபியல் ‘மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’ என்கிறது, இடம்பெயர்ந்தோர் என்ற சொல்லுக்கு நம் நாட்டில் எவருக்கும் பொருள் சொல்ல வேண்டியதில்லை. ‘மொழி’யை நீக்கினால் வேண்டிய சொல் கையிலேயே இருக்கிறது.

இங்கே பெயர்வது அறிவு. ஆய்வுகூடக் கண்டுபிடிப்பு நோயாளரிடம் வருவதும், நோயாளரிடம் மெய்ப்பிக்கப்பட்டது அன்றாடச் சிகிச்சைக்கும் சமூகத்துக்கும் போவதும் டிரான்ஸ்லேஷனல் ஆய்வின் இரு பெரும் கட்டங்கள். இலங்கையில் பாம்புக்கடிக்கு நஞ்சு முறிமருந்து ஏற்றும்போது கடும் ஒவ்வாமை ஏற்படுவதுண்டு. 1,007 நோயாளரிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான இலங்கை ஆய்வு, முறிமருந்துக்கு முன் தோலின் கீழ்ச் சிறிதளவு அட்ரினலின் ஏற்றினால் அவ்வொவ்வாமை குறைகிறது என்றும், வழக்கமாக ஏற்றப்பட்டுவந்த ஹைட்ரோகோர்ட்டிசோனால் அப்பயன் இல்லை என்றும் காட்டியது. அது நோயாளர்சார் ஆய்வு. அம்முடிவு தூரத்து ஆதார வைத்தியசாலையின் இரவுநேர வைத்தியருடைய கையில் வழக்கமாக மாறுகிறதா, மாறாவிட்டால் தடை எது என்று ஆராய்வது டிரான்ஸ்லேஷனல் ஆய்வு.

இவ்விரு அடைமொழிகளும் இணைந்தே வழங்குவதற்கு அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2006இல் இவ்விரு சொற்களையும் பெயரில் கொண்டு தொடங்கிய நிதித்திட்டம் பெரிதும் காரணம்.

‘பெயர்ப்பு ஆய்வு’ என்று தனியே எழுதினால் ஆட்பெயர் பற்றிய ஆய்வோ என்று வாசகர் மயங்கக்கூடும். அதனால் ‘பயன்பெயர்ப்பு ஆய்வு’ என்பதை நான் விரும்புகிறேன். ஆய்வின் பயன் இடம் மாறிச் சேர்கிறது என்பது அதில் ஒலிக்கிறது. பட்டத்துக்கு நம்மிடம் ‘முதுமாணி’ ஏற்கெனவே உண்டு; மாணி என்பது மாணவனைக் குறிக்கும் பழஞ்சொல். எனவே பாடநெறியின் பெயரை ‘நோயாளர்சார், பயன்பெயர்ப்பு ஆய்வில் முதுமாணி’ என்று எழுதலாம்.