ஏஜென்ட்ஸ்.எம்டி கோப்பை எடைபோடுவது எப்படி?

நிரலைத் திருத்தும் பணியைச் செயற்கை நுண்ணறிவு முகவரிடம் ஒப்படைக்கும்போது, வேலையைத் தொடங்கும் முன்பே அது படித்துக்கொள்ளும் கோப்பு ஒன்று உண்டு. ஆந்த்ரோபிக்கின் நிரல் முகவரான கிளாட் கோட் அதைக் கிளாட்.எம்டி என்ற பெயரில் தேடும்; ஓப்பன்ஏஐயின் கோடெக்ஸ் உள்ளிட்ட பல கருவிகள் 2025இல் பரவிய ஏஜென்ட்ஸ்.எம்டி என்ற பெயரை ஏற்கின்றன. நிரல் சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் சோதனைகளை எந்தக் கட்டளையால் ஓட்டுவது, எந்தக் கோப்புறையைத் தொடக்கூடாது என்பனவெல்லாம் அதில் சாதாரண மொழியில் இருக்கும். நடையும் தலைப்புகளும் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், அதைப் படித்த முகவரின் செயலில் மாற்றம் எதுவும் இல்லையென்றால் அக்கோப்பால் பயனில்லை. ஆகவே அதன் தரத்தை வாசித்துப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது.

வாசிக்காமலே பிடிபடும் குறைகளும் உண்டு. கோப்பில் உள்ள கட்டளைகளைப் புதிதாக இறக்கிய பிரதியில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாலே பல குறைகள் வெளிப்படும். ஒரு திட்டம், நிரல் தொகுப்புகளை நிறுவும் என்பிஎம் என்ற கருவியிலிருந்து அதேபோன்ற பிஎன்பிஎம்முக்கு மாறிய பின்பும் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ என்ற பழைய வரி நீடித்தால், முகவர் அதை அப்படியே ஓட்டக்கூடும். அப்போது, நிறுவிய தொகுப்புகளின் பதிப்புகளைக் குறித்துவைக்கும் பிஎன்பிஎம்மின் லாக் கோப்புக்குப் பக்கத்திலேயே பேக்கேஜ்-லாக்.ஜேசன் என்ற இன்னொன்று முளைக்கும். புதிதாகச் சேர்ந்த ஊழியராக இருந்தால், இதைக் கண்டதும் பக்கத்து மேசைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்.

உண்மையான மதிப்பீடு ஒப்பீட்டில்தான் தொடங்குகிறது. திட்டத்தின் வரலாற்றிலிருந்து, பிழை ஒன்று சரிசெய்யப்பட்ட மாற்றத்தை எடுத்துக்கொண்டு, நிரலை அதற்கு முந்தைய நிலைக்குத் திருப்பி, பிழையின் விவரத்தை மட்டும் முகவரிடம் கொடுக்க வேண்டும்; அன்று அத்திருத்தத்தோடு சேர்க்கப்பட்ட சோதனைகளே இப்போது தீர்ப்பளிக்கும். பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட எஸ்டபிள்யூஇ-பெஞ்ச் என்ற சோதனைத் தொகுப்பு, 12 பைத்தான் திட்டங்களிலிருந்து 2,294 சிக்கல்களை இப்படித்தான் திரட்டியது. அதே பணிகளைக் கோப்போடு ஒருமுறையும் கோப்பில்லாமல் ஒருமுறையும் கொடுத்தால், இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு கோப்பின் பங்கைக் காட்டும்.

ஆனால் ஒரே ஓட்டத்தை நம்பக்கூடாது. ஒரே கேள்விக்கு, முகவரை இயக்கும் மொழி மாதிரி ஒவ்வொரு முறையும் வேறு வழியில் போகலாம். ஒரு பணியைப் பத்துக்கு எட்டு முறை முடிக்கும் முகவர், ஐந்து முறையும் தவறாமல் முடிப்பதற்கான வாய்ப்பு சுமார் 33 விழுக்காடுதான். ஐந்தில் ஒருமுறையேனும் முடிக்கும் வாய்ப்போ 99.9 விழுக்காட்டுக்கும் மேல். எந்த எண்ணைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து, ஒரே கோப்பு பிரமாதமாகவும் தெரியும், மோசமாகவும் தெரியும். அன்றாடப் பணிக்கு முதல் எண்ணே பொருந்தும் என்பது என் கருத்து.

அடுத்து, ஒரு வரியை மட்டும் நீக்கிவிட்டு மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம். ‘சுத்தமான நிரல் எழுதவும்’ என்ற வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் ஒன்றுதான். அது பின்பற்றப்பட்டதா என்று சோதிக்கவும் வழியில்லை. ‘அட்டவணையின் அமைப்பை மாற்றினால் மைக்ரேஷன் கோப்பையும் சேர்க்கவும்’ என்பது அப்படியல்ல; தரவுத்தள அட்டவணையில் செய்யும் மாற்றத்தை எழுதிவைக்கும் கோப்பே மைக்ரேஷன். முகவரின் செயல்பதிவைத் திறந்தால் கீழ்ப்படிந்ததா இல்லையா என்பது உடனே தெரியும். இறுதி விடை சரியாக வந்த ஓட்டங்களிலும் இப்பதிவைப் பார்ப்பது நல்லது, ஏனெனில் விதியை மீறியும் சோதனைகளில் தேறிவிட முடியும்.

பயனற்ற வரிக்கும் விலை உண்டு. ஒவ்வோர் அமர்விலும் மாதிரி உரையை வெட்டிப் படிக்கும் துண்டுகளான டோக்கன்களை அது தின்கிறது, மற்ற வரிகளுக்கான கவனத்தையும் பங்குபோடுகிறது. நீண்ட உள்ளீட்டின் நடுவில் உள்ள தகவலை, தொடக்கத்திலும் முடிவிலும் உள்ளதைப் போல மாதிரிகள் பயன்படுத்திக்கொள்வதில்லை என்று 2023ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டியது. அது அன்றைய மாதிரிகளைப் பற்றியது என்பதால், முக்கியமான விதியை இடம் மாற்றி வைத்து இன்றைய மாதிரியிலும் சோதிப்பதே சரி.

தானாகச் சரிபார்க்க முடியாத விதிகளுக்கு இன்னொரு மொழி மாதிரியை நடுவராக வைப்பதுண்டு. அந்த நடுவர் நீளமான விடைக்கும், முதலில் காட்டப்பட்ட விடைக்கும் சாயக்கூடியது. வரிசையை மாற்றி இருமுறை கேட்டு, இரண்டிலும் ஒத்துவரும் தீர்ப்பை மட்டும் ஏற்க வேண்டும். கோப்பைச் செம்மைப்படுத்தப் பயன்பட்ட பணிகளிலேயே அதை இறுதியாக மதிப்பிடவும் கூடாது. சில பணிகளைத் தொடாமல் ஒதுக்கிவைக்க வேண்டும். மாதிரியின் புதிய பதிப்பு வரும்போது இந்த ஓட்டம் முழுவதும் மறுபடி நடக்க வேண்டும், ஏனெனில் பழைய மாதிரியின் பழக்கத்தைத் தடுக்க எழுதிய வரி புதியதற்குத் தேவைப்படாமலே போகலாம்.