ஜீப் வருவதற்கு முன்னால்

ஒன்பதாம் வகுப்புக் குழந்தை ஒன்று எழுதிய தாள் என் கோப்பில் இருக்கிறது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். "இனிமேல் நான் பெண் போல நடக்க மாட்டேன். பெண் போலப் பேச மாட்டேன். மீறினால் டி.சி. வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கிறேன்." காவல் நிலையத்தில் ஒருவர் சொல்லச் சொல்ல எழுதியது. கீழே அம்மாவின் பெருவிரல் ரேகை. அந்த அம்மாவுக்கு அதைப் படித்துக்கூடக் காட்டவில்லை.

சிறார் வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞராக இப்படிப்பட்ட தாள்களை அவ்வப்போது பார்க்கிறேன். அடையாளம் தெரியாமல் இருப்பதற்காகச் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். அது ஓர் ஆண்கள் பள்ளி. கழிப்பறையில் மூன்று பையன்கள் வழிமறித்து, "நீ ஆணா பெண்ணா, சட்டையைக் கழற்றிக் காட்டு" என்றிருக்கிறார்கள். குழந்தை கையிலிருந்த ஜாமெட்ரி பாக்ஸை வீசியது. ஒருவனுக்கு உதட்டில் இரண்டு தையல். பள்ளியிலிருந்து நிலையத்துக்குப் போன் போனது. மதிய உணவு நேரத்தில் ஜீப் வந்தது. தட்டில் பாதிச் சாப்பாடு இருக்க, பள்ளியே வேடிக்கை பார்க்க, ஏற்றிக்கொண்டு போனார்கள். மாலை ஆறரை வரை நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது குழந்தை. அந்த மூவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நல காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். குழந்தையிடம் அவர்தான் பேச வேண்டும், அதுவும் சீருடை இல்லாமல். ஏழு ஆண்டுக்குக் குறையாத தண்டனைக்குரிய கொடுங்குற்றமாகவோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இல்லாவிட்டால் முதல் தகவல் அறிக்கையே கூடாது. பொது நாட்குறிப்பில் பதிந்து, குழந்தையின் குடும்பப் பின்னணியை எழுதிச் சிறார் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். "எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவது" என்ற ஒரு நடைமுறை அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. நடையும் குரலும் குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. கழிப்பறையில் சட்டையைக் கழற்றச் சொன்னதுதான் முதலில் விசாரிக்க வேண்டிய விஷயம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் ஆண் குழந்தை, பெண் குழந்தை என்று பேதம் பார்ப்பதில்லை.

காவலர் பள்ளிக்குள் கால் வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2022 செப்டம்பரில் சென்னையில் 'சிற்பி' திட்டம் தொடங்கியது. எட்டாம் வகுப்பு மாணவர்களோடு காவலர்கள் பழகுகிறார்கள், போக்குவரத்து விதி முதல் போதைப்பொருள் வரை பேசுகிறார்கள். வரவேற்கிறேன். பாடம் சொல்ல வரும் காவலர் வேறு. வகுப்பறைத் தகராறைத் தீர்க்க, தலைமையாசிரியரின் பிரம்புக்குப் பதிலாக வரும் காவலர் வேறு. இந்த வேறுபாடு பிடிபடாத பள்ளிகளில் முதலில் அடிபடுவது திருநர் குழந்தைகள்தான். அவர்களைப் பற்றிப் புகார் சொல்ல யாருக்கும் பெரிய காரணம் தேவைப்படுவதில்லை.

காவல் துறைக்குள்ளும் மாற்றம் வந்திருக்கிறது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய உத்தரவைத் தொடர்ந்து, அடுத்த ஆண்டு காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதி சேர்ந்தது. திருநர், தன்பாலின ஈர்ப்பாளர் உள்ளிட்ட பால்புதுமையினரையும் அவர்களுக்காக உழைப்பவர்களையும் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்கிறது அது. அதே உத்தரவு, பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் பெற்றோரிடம் இத்தகைய குழந்தைகளைப் பற்றிப் பேசச் சொல்கிறது. பாலினப் பொதுவான கழிப்பறை வேண்டும் என்கிறது. நான் போகும் பள்ளிகளில் இந்த உத்தரவைக் கேள்விப்பட்டவர்களை எண்ண ஒரு கை போதும்.

அப்படியானால் ஜீப்பை அழைக்கும் முன் தலைமையாசிரியர் யாரைக் கேட்டிருக்க வேண்டும்? பள்ளி மேலாண்மைக் குழுவை. கல்வி உரிமைச் சட்டம் உருவாக்கிய குழு அது. முக்கால் பங்குப் பெற்றோர், அவர்களோடு ஆசிரியர்கள், உள்ளாட்சிப் பிரதிநிதிகள். கவுன்சிலருக்கு ஜல்லியும் சாக்கடையும் மட்டும் வேலை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பள்ளிக்குள் அவருக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. இந்த வழக்கில் குழுவின் கூட்டப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். கவுன்சிலர் பெண். கையெழுத்துகள் எல்லாம் அவருடைய கணவருடையவை.

அந்த நாற்காலியில் ஒரு திருநங்கை உட்கார்ந்திருந்தால்? இது வெறும் கற்பனை இல்லை. 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் வேலூர் மாநகராட்சியின் 37ஆவது வார்டில் கங்கா நாயக் வென்றார். சத்தீஸ்கரின் ராய்கர் நகரத்தில் 2015இலேயே மது கின்னர் சுயேச்சையாக நின்று மேயரானார். அதற்கு முந்தைய காலம் எப்படி இருந்தது என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் கட்னியே சாட்சி. பெண்களுக்கு ஒதுக்கிய மேயர் பதவியில் மக்கள் உட்கார வைத்த திருநங்கை கமலா ஜானை, நீ ஆண் என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். 2014இல் உச்ச நீதிமன்றம் திருநர் உரிமை பற்றிய நால்சா வழக்கில் பாலின அடையாளத்தை அவரவர் தீர்மானிக்கும் உரிமை என்று சொன்ன பிறகுதான் பாதை கொஞ்சம் திறந்தது.

ஆனால் எத்தனை வார்டில் ஒரு கங்கா நாயக் வெல்ல முடியும்? வாடகைக்கு வீடே கிடைக்காதவர் ஓட்டுக் கேட்டு எந்தத் தெருவில் நிற்பார்? 2025இல் தமிழ்நாடு சட்டம் திருத்தி, மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி அமைப்புகளில் நியமன உறுப்பினராக்க வழி செய்தது. அதே கதவைத் திருநர்களுக்கும் திறக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. பேருக்கு ஓர் இடம் கொடுத்துவிட்டுப் போகாமல், நியமனமாகும் திருநர் உறுப்பினரைப் பள்ளி மேலாண்மைக் குழுக்களிலும் சேர்க்க வேண்டும். பள்ளிப் பருவத்தில் அதே கழிப்பறை வாசலில் நின்றவருக்கு, ஜாமெட்ரி பாக்ஸ் ஏன் பறந்தது என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

இப்போதைக்குப் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். நிலையத்தில் எதிலும் ரேகை வைக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். குழந்தைகள் நல காவல் அலுவலர் யார் என்று பெயரைக் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டாலே பெரும்பாலும் குரல் தணிந்துவிடும்.

அந்தத் தாளை மனு கொடுத்துத் திரும்ப வாங்க நான்கு மாதம் ஆனது. குழந்தை இப்போது வேறு பள்ளியில் பத்தாம் வகுப்பு. பழைய பள்ளியில் இருந்தவரை காலையிலிருந்து மாலைவரை தண்ணீரே குடிக்காமல் இருந்ததாக அதன் அம்மா சேர்க்கை நாளன்று வரும் வழியில்தான் சொன்னார். அதனால் புதிய தலைமையாசிரியையிடம் மதிப்பெண், கட்டணம் எதையும் கேட்கவில்லை. கழிப்பறையைப் பற்றித்தான் கேட்டேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, ஆசிரியர் கழிப்பறையின் மாற்றுச் சாவியை எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்தார்.