தேற்றரவாளன்: ஆறுதல் சொல்லுறவர் மட்டும்தானோ?

யோவான் 14ம் அதிகாரம் 16ம் வசனத்தில "என்றென்றைக்கும் உங்களுடனேகூட இருக்கும்படிக்குச் சத்திய ஆவியாகிய வேறொரு தேற்றரவாளனை அவர் உங்களுக்குத் தந்தருளுவார்" எண்டு இயேசு சொல்லுறார். எங்கட சபையளில பெந்தெகொஸ்தே ஞாயிறு வந்தால் இந்த வசனம் கட்டாயம் வரும், செத்தவீட்டுச் செபத்திலயும் வரும், ஆனா ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளை ஒண்டு எழும்பி நிண்டு தேற்றரவாளன் எண்டால் என்ன எண்டு கேட்டால் "ஆறுதல் சொல்லுறவர்" எண்டு ஒரே சொல்லில முடிச்சுப்போடுவம். அது பிழையெண்டு நான் சொல்லேல்லை. ஆனா இந்தச் சொல்லுக்குள்ள ஒரு படம் கிடக்கு, கிரேக்கத்தில ஒரு படம், தமிழில இன்னொரு படம், அதை ரெண்டையும் கண்டுகொண்டு வாசிச்சால் வசனம் முந்தின மாதிரி இராது, எனக்கு அப்பிடித்தான் இருந்தது.

முதல்ல தமிழைப் பாப்பம். தேற்று + அரவு + ஆளன். "அரவு" எண்டுறது பாம்பு இல்லை, அது தொழிற்பெயர் விகுதி, இலக்கணப் புத்தகங்கள் குடுக்கிற விகுதிப் பட்டியலில இருக்கு, தோற்று எண்டதில இருந்து தோற்றரவு வந்தமாதிரி தேற்று எண்டதில இருந்து தேற்றரவு வந்தது. தேற்றரவு எண்டால் தேற்றுற செயல். அதோட மணவாளன், பங்காளன் எண்டதுகளில வாற "ஆளன்" சேர்ந்தால் தேற்றுற வேலையைத் தன்ர வேலையாக் கொண்டவர். சிலபேர் "தேற்றவாளன்" எண்டு நடுவில இருக்கிற ர-வை விழுங்கி வாசிப்பினம், அதைக் கொஞ்சம் கவனிச்சால் நல்லது.

சரி, தேற்றுறது எண்டால் என்ன? அடிச்சொல் தேறு. கலங்கிக் கிடந்தது தெளியிறதுதான் அதின்ர முதல் பொருளுகளில ஒண்டு. காய்ச்சலில கிடந்த ஆள் எழும்பி நடந்தால் "இப்ப ஆள் தேறீட்டுது" எண்டுறம், சோதனை பாஸ் பண்ணினால் தேறினான் எண்டுறம். கலங்கின தண்ணியைத் தெளிய வைக்கிறதும் தேற்றுறதுதான், அதுக்குப் பாவிக்கிற கொட்டைக்குப் பேர் தேற்றாங்கொட்டை, பேச்சில தேத்தாங்கொட்டை. வன்னிப் பக்கத்துக் குளத்துத் தண்ணி குடிச்சு வளர்ந்த பழைய ஆக்களுக்குத் தெரிஞ்சிருக்கும். மண்பானையின்ர உள்பக்கத்தில அந்தக் கொட்டையைத் தேய் தேய் எண்டு தேய்ச்சுப்போட்டு, மழைக்குக் கலங்கின குளத்துத் தண்ணியை அதுக்குள்ள ஊத்தி அசைக்காமல் விடவேணும். தண்ணிக்குள்ள மிதக்கிற சேத்துத் துணிக்கையள் ஒண்டோட ஒண்டு ஒட்டிப் பாரமாகி அடியில போய்ப் படியும், மேல நிக்கிற தண்ணி தெளிஞ்சு நிக்கும். சேறு எங்கயும் போகேல்லை, பானைக்குள்ளதான் இருக்கு, ஆனா தண்ணியை இப்ப குடிக்கலாம்.

இது நான் இப்ப கட்டிவிடுற கதை இல்லை. கலித்தொகையில, நெய்தற்கலியில, பிரிவால புத்தி கலங்கித் திரிஞ்ச ஒரு பொம்பிளை அவளுக்குரியவன் வந்து சேர்ந்த உடன தெளிஞ்சாள் எண்டதைச் சொல்ல "இல்லத்துக் காழ்கொண்டு தேற்றக் கலங்கிய நீர்போல் தெளிந்து" எண்டு வருது. இல்லம் எண்டுறது தேற்றா மரத்தின்ர பழைய பேர், காழ் எண்டால் கொட்டை. இதில எனக்குப் பெரிசாத் தெரியிறது ஒண்டு இருக்கு, அவளைத் தெளிய வைச்சது ஒரு புத்திமதி இல்லை, வரவேண்டிய ஆள் வந்ததுதான். இதை மனசில வைச்சிருங்கோ, கிரேக்கத்துக்குப் போகேக்க இது திருப்பித் தேவைப்படும்.

இதில ஆறுதலையும் பக்கத்தில வைச்சுப் பாக்கவேணும். ஆறு எண்டால் சூடு தணியிறது, தேத்தண்ணி ஆறுற மாதிரி, புண் ஆறுற மாதிரி. யாழ்ப்பாணத்தில நாங்கள் "ஆறுதலா வாங்கோ, அவசரமில்லை" எண்டு சொல்லுறதும் அந்தச் சொல்தான். ஆறுறதுக்கு நேரம் வேணும், தானாயும் ஆறும். தேற்றுறதுக்கு ஒரு ஆள் வேணும். ஏசாயா 40:1 எபிரேயத்தில "நஹமூ நஹமூ" எண்டு ஒரே சொல்லு ரெண்டு தரம் வருது, எங்கட பழைய மொழிபெயர்ப்பில அதை "என் ஜனத்தை ஆற்றுங்கள், தேற்றுங்கள்" எண்டு ரெண்டு சொல்லாப் பிரிச்சுப் போட்டிருக்கினம். அந்த ஆக்களுக்குத் தமிழ் எவ்வளவு வடிவாத் தெரிஞ்சிருக்கு எண்டதுக்கு இந்த ஒரு வரி காணும். அதே நஹம் எண்ட வேரில இருந்துதான் நாகூம், நெகேமியா எண்ட பேருகளும் வருது, கப்பர்நகூம் எண்டுறதும் நாகூமின்ர ஊர் எண்டதுதான்.

இனிக் கிரேக்கம். யோவான் எழுதின சொல்லு பராக்லேத்தோஸ். பரா எண்டால் பக்கத்தில, க்லேத்தோஸ் எண்டால் கூப்பிடப்பட்டவர். "பக்கத்தில நிக்கச் சொல்லிக் கூப்பிடப்பட்ட ஆள்", அவ்வளவுதான் சொல்லு. புதிய ஏற்பாட்டில இது 5 இடத்திலதான் வருது, யோவான் 14:16, 14:26, 15:26, 16:7, பிறகு 1 யோவான் 2:1. சபைக்குக் கிரேக்கத்தில சொல்லுற எக்லேசியா எண்டதும் இதே கூப்பிடுறது எண்ட வினையில இருந்து வாறதுதான். அந்தக் காலத்து வழக்குகளில ஒருத்தர் மாட்டுப்பட்டால் தனக்காகக் கதைக்க ஒரு செல்வாக்கான சிநேகிதரைக் கூப்பிட்டுப் பக்கத்தில நிப்பாட்டுவார், அவர்தான் பராக்லேத்தோஸ். எங்கட ஊர்ச் சனத்துக்கு இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை. சிங்களத்தில வந்த ஒரு கடிதத்தைக் கையில வைச்சுக்கொண்டு, என்ன எழுதிக்கிடக்கு எண்டு தெரியாமல், ஒரு கந்தோரில லைனில நிண்ட எந்தத் தாய்க்கும் தெரியும் பக்கத்தில பாஷை தெரிஞ்ச ஒரு ஆள் நிக்கிறதின்ர பெறுமதி. அந்த ஆள் "அழாதேங்கோ அம்மா" எண்டு சொல்ல வரேல்லை. அவர் கடிதத்தை வாங்கி வாசிச்சு, மேசைக்கு அங்கால இருக்கிறவரோட கதைச்சு, திருப்பி இவவுக்கு என்ன சொல்லுகினம் எண்டு சொல்லுவார். அந்த அம்மாவுக்கு நெஞ்சு படபடப்பு அடங்கிறது அப்பதான்.

1 யோவான் 2:1ஐ எடுத்துப் பாத்தால் இது இன்னும் வடிவா விளங்கும். அங்க இயேசுவைப் பற்றி "நமக்காகப் பிதாவினிடத்தில் பரிந்துபேசுகிறவராயிருக்கிறார்" எண்டு வருது. பரிந்துபேசுகிறவர் எண்டு போட்டிருக்கிற இடத்தில கிரேக்கத்தில இருக்கிறதும் பராக்லேத்தோஸ்தான், அதே சொல். தமிழில மட்டும் வாசிக்கிற ஆளுக்கு இந்தத் தொடர்பு தெரியாமலே போயிரும். யோவான் 14ல "வேறொரு தேற்றரவாளன்" எண்டு இயேசு சொன்னால் முதலாவது ஒருத்தர் இருக்கவேணும் தானே, அந்த முதலாவது ஆள் அவர்தான், நான் போறன், என்னைப்போல இன்னொருத்தர் உங்களோட நிப்பார் எண்டுறார். 18ம் வசனத்தில "நான் உங்களைத் திக்கற்றவர்களாக விடேன்" எண்டு வாற திக்கற்றவர்களுக்குக் கிரேக்கத்தில ஒர்பானூஸ், தாய் தேப்பன் இல்லாத பிள்ளையள். இந்த ரெண்டு வசனத்தையும் சேர்த்துத்தான் வாசிக்கவேணும், ஒண்டை விட்டிட்டு மற்றதை வாசிச்சால் பாதிதான் கிடைக்கும்.

மற்றப் பாஷைக்காரரும் இந்தச் சொல்லோட கஷ்டப்பட்டிருக்கினம். லத்தீனில வுல்காத்தா எண்ட பழைய மொழிபெயர்ப்பில யோவான் சுவிசேஷத்தில பராக்லேத்துஸ் எண்டு கிரேக்கத்தையே விட்டிட்டு, 1 யோவானில அட்வொகாத்துஸ் எண்டு போட்டினம், அதில இருந்துதான் அட்வகேட் எண்ட சொல்லு. லூத்தர் ஜெர்மனில ஆறுதல் செய்யிறவர் எண்ட பொருளில எழுதினவர். 1611ல வந்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில கம்ஃபர்ட்டர் எண்டு வருது, இப்ப அந்தச் சொல்லைக் கேட்டால் மெத்தையும் தலகாணியும் ஞாபகம் வரும், ஆனா அதுக்குள்ள இருக்கிற லத்தீன் வேர் ஃபோர்த்திஸ், பலமானது எண்டு பொருள், பலப்படுத்துறவர் எண்டதுதான் அந்தச் சொல்லின்ர பழைய உள்ளடக்கம். யூத ஆக்கள் கிரேக்கச் சொல்லை அப்பிடியே எடுத்து வைச்சுக்கொண்டினம், இண்டைக்கும் எபிரேயத்தில பிரக்லிட் எண்டால் வழக்கறிஞர்.

தமிழ் வேதாகமத்துக்கு நீண்ட வரலாறு இருக்கு, 1715ல தரங்கம்பாடியில புதிய ஏற்பாடு அச்சானது, யாழ்ப்பாணத்தில பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின்ர உதவியோட செய்த மொழிபெயர்ப்பு 1850ல வந்தது, பிறகு 1871ல பவர் ஐயரின்ர குழு செய்தது வந்து, அந்த வழியில வந்ததைத்தான் இண்டைக்கும் புரட்டஸ்தாந்துச் சபையளில வாசிக்கிறம். கத்தோலிக்க ஆக்கள் பாவிக்கிற 1995 பொது மொழிபெயர்ப்பில தேற்றரவாளனுக்குப் பதிலா "துணையாளர்" எண்டு இருக்கு. ஒரே ஒழுங்கையில ஒரு வீட்டில தேற்றரவாளன், அடுத்த வீட்டில துணையாளர். எது சரி எண்டு சண்டைபிடிக்கத் தேவையில்லை. பக்கத்தில நிக்கிறவர் எண்ட கிரேக்கப் படத்துக்குத் துணையாளர் கிட்ட நிக்குது, அவர் நிக்கிறதால எங்களுக்குள்ள என்ன நடக்குது எண்டதைத் தேற்றரவாளன் சொல்லுது.

இப்ப இந்தப் படத்தோட வேற வசனங்களுக்குப் போனால் உவமையாச் சொன்ன இடமெல்லாம் திறக்கும். சங்கீதம் 23:4, "உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்." தடி எப்பிடித் தேற்றும்? தடியைக் கண்டால் பயம்தானே வரும். அது ஆட்டுக்கு அடிக்கிற தடி எண்டு நினைச்சால் வசனம் விளங்காது. தாவீது தன்ர தேப்பன்ர ஆடு மேய்க்கேக்க சிங்கமும் கரடியும் வந்ததையும் அதுகளை அடிச்சதையும் 1 சாமுவேல் 17ல தானே சொல்லுறார். இருட்டான பள்ளத்தாக்கில ஆட்டுக்கு மேய்ப்பன்ர முகம் தெரியாது, பாதையும் தெரியாது, ஆனா கோல் தட்டுற சத்தம் பக்கத்தில கேட்டால் ஆள் இருக்கிறார் எண்டு தெரியும். அந்த வசனத்திலயே காரணம் கிடக்கு, "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்". பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில இந்தத் "தேற்றும்" எண்ட இடத்துக்குப் போட்டிருக்கிறதும் பராக்லேத்தோஸின்ர அதே வினைச்சொல்தான். பவுல் 2 கொரிந்தியர் 1ல 3ம் வசனத்தில இருந்து 7ம் வசனத்துக்குள்ள அந்த வினையையும் அதின்ர பெயரையும் 10 தரம் எழுதியிருக்கிறார், ஆசியாவில தாங்கள் பிழைப்பம் எண்ட நம்பிக்கையே அற்றுப்போன கதையை 8ம் வசனத்தில சொல்லுறதுக்கு முதல்.

தேற்றத் தெரியாமல் தேற்றுற ஆக்களும் வேதத்தில இருக்கினம். யோபுவின்ர சிநேகிதர் வந்து 7 நாள் ராப்பகலாத் தரையில அவரோட ஒரு வார்த்தையும் கதைக்காமல் இருந்தினம், அதுமட்டும் நல்லா இருந்தது. பிறகு வாயைத் திறந்தினம். 16:2ல யோபு சொல்லுறார், "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்." அலட்டாதையெண்டு நாங்கள் வீட்டில நாளுக்கு எத்தினை தரம் சொல்லுறம், அந்த அலட்டுத்தான்! செத்தவீட்டுக்குப் போய் "எல்லாம் நன்மைக்குத்தான்", "கடவுள் நல்ல ஆக்களைத்தான் கெதியா எடுப்பார்" எண்டு சொல்லுற ஆக்கள் இந்த வசனத்தை ஒருக்கா வாசிக்கவேணும், எனக்கு அந்தக் கதையளைக் கேட்க உண்மையாவே நெஞ்சு நோகும். பிள்ளையைப் பறிகுடுத்த ராகேலைப் பற்றி மத்தேயு 2:18 "அவைகள் இல்லாதபடியால் ஆறுதலடையாதிருக்கிறாள்" எண்டு எழுதிவைச்சிருக்கு, ஆறமாட்டன் எண்டு நிண்ட அந்தத் தாயை வேதம் ஒரு சொல்லாலயும் கண்டிக்கேல்லை. 2017ல கிளிநொச்சியில காணாமலாக்கப்பட்ட பிள்ளையளின்ர படத்தை வைச்சுக்கொண்டு தெருவோரம் கொட்டிலில இருக்கத் தொடங்கின தாய்மாருக்கு எந்த வசனத்தைச் சொல்லலாம் எண்டு யோசிக்கிற சபையாக்கள் முதல்ல இந்த வசனத்தை வாசிச்சுப்போட்டு, அவையோட போய் இருக்கவேணும் எண்டதுதான் என்ர எண்ணம். பக்கத்தில இருக்கிறதுதானே அந்தச் சொல்லு.

நல்லாச் செய்த ஆள் பர்னபா. யோசே எண்ட மனுசனுக்கு அப்போஸ்தலர் வைச்ச மறுபேர், "ஆறுதலின் மகன்" எண்டு அப்போஸ்தலர் 4:36ல அர்த்தம் குடுத்திருக்கு, அதிலயும் இதே வேர்தான். அவர் யாருக்காவது ஆறுதல் வார்த்தை சொன்னதா அந்த வசனத்தில ஒண்டும் இல்லை. 9:27ல, முந்திச் சபையைத் துன்பப்படுத்தின சவுலைக் (பிறகு பவுல்) கண்டு எல்லாரும் பயந்து விலகேக்க, அவரைக் கூட்டிக்கொண்டு போய் அப்போஸ்தலருக்கு முன்னால நிப்பாட்டி அவருக்காகக் கதைச்சவர் பர்னபா. அவருக்கு அந்தப் பேர் ஏன் பொருந்துது எண்டதுக்கு வேற விளக்கம் தேவையில்லை.

ஆக, தமிழில எதைப் பாவிக்கலாம்? யோவான் 14ஐச் சின்னப் பிள்ளையளுக்குச் சொல்லேக்க துணையாளர் எண்டு தொடங்கினால் சுகம், பிறகு தேற்றரவாளருக்கு வரலாம். 1 யோவானுக்குப் பரிந்துபேசுகிறவர் நல்லாவே பொருந்துது, அதை மாத்தவேண்டாம், ஆனா ரெண்டும் ஒரே சொல்லெண்டு பக்கத்தில பென்சிலால எழுதி வையுங்கோ. ஆறுதல் சொல்லுறவர் எண்டது மட்டும் தனிய நிண்டால் காணாது. பழைய மொழிபெயர்ப்பில வாசகமா வாசிக்கேக்க தேற்றரவாளன் எண்டு இருக்கிறபடியே வாசிக்கலாம், செபத்தில கூப்பிடேக்க மரியாதையாத் "தேற்றரவாளரே" எண்டு சொல்லுறதுதான் எங்கட சபையளில வழக்கம், ரெண்டும் சரி.