மறுகாலில் வலை கட்டாதீர்கள்

ஐப்பசி பிறந்து குளங்களில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் என் போன் ஓயாது. பாதிப் பேர் குளத்து மீன் ஏலம் எடுத்தவர்கள், மீதிப் பேர் தூண்டில்காரர்கள். முதல் கூட்டத்துக்குக் குஞ்சு எப்போது விடலாம் என்று தெரிய வேண்டும். இரண்டாவது கூட்டத்துக்கு மீன் எங்கே கடிக்கிறது என்று தெரிய வேண்டும். குளத்து மீன் வளர்ப்புக்கு யோசனை சொல்வதுதான் என் தொழில் என்பதால் இரண்டு பேருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் இருவரிடமும் முதலில் மறுகாலைப் பற்றித்தான், அதாவது குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற வழியைப் பற்றித்தான் பேசுவேன்.

சில வருடங்களுக்கு முன் களக்காட்டுப் பக்கம் ஒரு குளம். கார்த்திகை மாதம், இரண்டு நாள் அடைமழை. குளம் நிரம்பி மறுகால் பாயத் தொடங்கியிருந்தது. ஏலம் எடுத்தவர் ஒரு மாதத்துக்கு முன்புதான் கட்லா, ரோகு குஞ்சுகளை விட்டிருந்தார். அவை மறுகால் வழியே போய்விடக் கூடாதென்று சிறுகண்ணி வலையை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை இழுத்துக் கட்டிவிட்டார். ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் தண்ணீரில் மிதக்கிற அமலைச்செடி மொத்தமும் வலையில் வந்து அப்பிக்கொண்டது. வலை வலையாக இல்லை, சுவராகிவிட்டது. தண்ணீர் கரையின் உச்சிக்கு ஒரு சாண் கீழே நின்றது. குளத்துத் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடுகிற நீர்பாய்ச்சிதான் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி வலையை அறுத்தார். அறுத்ததும் செடியும் குஞ்சும் தண்ணீரும் ஒன்றாகப் போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஏலக்காரர் வாயே திறக்கவில்லை. கரை உடைந்திருந்தால் கீழே நட்டு இருபது நாளான பிசானப் பருவ நெல் போயிருக்கும், அதற்கும் கீழே வீடுகள்.

மண்கரை எவ்வளவு அகலமாக இருந்தாலும் தண்ணீர் அதன் மேலேறி வழியத் தொடங்கிவிட்டால் தாங்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் திருநெல்வேலி மாவட்டத்திலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் எத்தனை குளம் உடைந்தது என்று எல்லோரும் பார்த்தோம். அந்த மழைக்கு மறுகால் சுத்தமாக இருந்த குளங்களே திணறின.

குஞ்சைக் காப்பாற்ற வேறு வழி உண்டா? உண்டு, பொறுமைதான். முதல் தண்ணீர் வந்ததும் விடாதீர்கள். பெருமழை முடிந்து மறுகால் நின்ற பிறகு, விரலளவுக்கு மேல் வளர்ந்த குஞ்சாக வாங்கி விடுங்கள். ஒரு மாதம் தள்ளிப் போகிறதே என்பார்கள். பொடிக்குஞ்சாக விட்டு, பாதியை மறுகாலிலும் மீதியை விராலுக்கும் கொடுப்பதை விட அது லாபம்.

மறுகால் வலையால் வரும் இன்னொரு சேதம் சத்தமில்லாதது. புதுத்தண்ணீர் மறுகாலில் விழும்போது கீழ்க்குளத்து மீனும் ஓடை மீனும் அந்த ஓட்டத்தை எதிர்த்து மேலே ஏறும். ஏத்து மீன் என்று சொல்வோமே, அதுதான். ஊரே பறியும் சாக்கும் கொசுவலையுமாக வந்து நிற்கும். சின்ன வயதில் நானும் நின்றவன்தான், அந்தச் சந்தோஷம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஏறி வருகிற மீனின் வயிற்றைப் பாருங்கள், பெரும்பாலும் சினை. அது இரை தேடி வரவில்லை, முட்டையிட மேட்டுத் தண்ணீரையும் வயலோரத்தையும் தேடி வருகிறது.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. கட்லாவும் ரோகுவும் குளத்துத் தேங்கு தண்ணீரில் முட்டையிடாது. அவற்றுக்கு ஓடும் ஆறு வேண்டும். அதனால்தான் ஆண்டுதோறும் பண்ணையில் குஞ்சு வாங்கி விடுகிறோம். நாட்டுக் கெண்டைக்கும் கெளுத்திக்கும் யாரும் குஞ்சு வாங்கி விடுவதில்லை. அவை தாமாக ஏறி வந்து பெருகினால்தான் உண்டு. விரால் கதையும் அப்படித்தான். குளத்தோரம் சிவப்பாக ஒரு குஞ்சுக்கூட்டம் மிதந்தால் அதன் அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். தூண்டிலை அங்கே போட்டால் பசியில்லாவிட்டாலும் கோபத்தில் வந்து கடிக்கும். பிடித்தவருக்கு ஒரு மீன். காவல் போன குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒரே நாளில் முடித்துவிடும். “முன்ன மாதிரி நாட்டுமீனே இல்லையே அண்ணாச்சி” என்று என்னிடம் குறைப்படுபவர்களில் பாதிப் பேரை மறுகாலில் கொசுவலையோடு பார்த்திருக்கிறேன்.

அப்புறம் விடியற்காலை போன். “மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது, யாரோ மருந்து கலந்துட்டாவ.” பத்துக்கு ஒன்பது முறை மருந்தும் இல்லை, எதிரியும் இல்லை. கோடை முழுக்கக் காய்ந்த குளத்தில் கிடந்த ஆட்டுப்புழுக்கையும் சருகும் சாக்கடையும் முதல் மழையில் கரைந்து வருகின்றன. அவை அழுகும்போது தண்ணீரில் இருக்கிற பிராணவாயுவைத் தின்றுவிடும். மூன்று நாள் வெயிலே இல்லாவிட்டால் பாசியும் புதிதாக எதையும் விடாது. ராத்திரி முழுக்க எல்லா உயிரும் மூச்சு வாங்கியபின் விடியலில் மீனுக்கு மிச்சமில்லை. லிட்டருக்கு ஐந்து மில்லிகிராம் இருந்தால் மீன் நிம்மதியாக இருக்கும், மூன்றுக்குக் கீழே போனால் திணறும்.

மருந்தா, மூச்சுத்திணறலா என்று கரையில் நின்றே ஓரளவு சொல்லிவிடலாம். மூச்சுத்திணறலில் பெரிய மீன் முதலில் சாகும், விடியற்காலையில்தான் நடக்கும், வெயில் ஏறினால் மிச்ச மீன் தேறிவிடும். விரால் மேலே வந்து காற்றை நேராகக் குடிக்கக்கூடியது, அதனால் தப்பிவிடும். பொடிமீன், தவளை, விரால் என்று எல்லாம் ஒன்றாக மிதந்தால் சந்தேகப்படுங்கள், தண்ணீரை பாட்டிலில் பிடித்துவைத்துவிட்டுத் தகவல் கொடுங்கள். மூச்சுத்திணறல்தான் என்றால் தீவனத்தையும் சாணத்தையும் உடனே நிறுத்துங்கள். மோட்டார் வைத்துக் குளத்துத் தண்ணீரையே எடுத்து மழை மாதிரிப் பீய்ச்சி அடியுங்கள். செத்து மிதப்பதைப் பொறுக்கி விற்க வேண்டாம்.

சரி, ஆற்றுக்கு வருவோம். தாமிரபரணியில் தூண்டில் போடப் போகிறவர்கள் வானத்தை விடச் செய்தித்தாளில் அணை நீர்மட்டத்தைப் பார்ப்பது நல்லது. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. இதுதான் இந்த அணைகளின் முழு நீர்மட்டம். பாபநாசம் 140-ஐத் தொட்டுவிட்ட பிறகு மலையில் பெய்கிற மழைக்கு அணையில் இடமில்லை, ஆற்றுக்குத்தான் வரும். சேரன்மகாதேவியில் வெயில் காயும்போதே ஆறு ஏறும். கீழே கடனாநதியும் சிற்றாறும் தம் பங்குக்குக் கொண்டுவரும், அவற்றின் வெள்ளம் பாபநாசம் கணக்கில் வராது.

அணைக்கட்டுகளின் அடியில் நிற்கவே வேண்டாம். கோடைமேலழகியானிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றில் உள்ள எட்டு அணைக்கட்டுகளுக்கும் ஒரே குணம்தான். தண்ணீர் விழுகிற இடத்தில் அது கீழே போய் மறுபடி சுவரை நோக்கியே திரும்பும். மீன் அங்கே கூடுவதும் அதனால்தான், ஆள் விழுந்தால் வெளியே வராததும் அதனால்தான். நீச்சல் தெரியும் என்பதெல்லாம் அங்கே செல்லாது. விழுகிற இரைச்சலில் மேலிருந்து வருகிற தண்ணீரின் சத்தமும் கேட்காது. இன்னொன்று, இளவட்டங்கள் இப்போது கார்பன் தூண்டில் கம்போடு வருகிறார்கள். அதில் மின்சாரம் பாயும். இடி கேட்டால் மடக்கி வைத்துவிட்டு ஒதுங்குங்கள்.

பேட்டரி, இன்வெர்ட்டர் வைத்து மீன் பிடிப்பவர்களிடம் பேசி எனக்கு அலுத்துவிட்டது. ஈரத்தில் நின்றுகொண்டு செய்கிற வேலையா அது? தோட்டா வெடியும் விஷமும் 1897-ஆம் வருடச் சட்டத்திலேயே குற்றம். காரையாறு, முண்டந்துறைப் பக்கம் புலிகள் காப்பகம், அங்கே தூண்டிலை எடுத்துக்கொண்டு போகவே கூடாது. பாபநாசம் கோயில் படித்துறை மீனுக்குப் பொரி போடுவதோடு சரி.

ஒருவர் ட்ரவுட் மீன் மணிமுத்தாற்றில் கிடைக்குமா என்று கேட்டார். அது நீலகிரி, மூணாறு மேட்டு ஓடைகளின் குளிருக்குப் பழகிய மீன், நம் வெயிலுக்கு வராது. நமக்கென்று இருப்பதைப் பார்க்கலாம். கலங்கல் தண்ணீரில் கெளுத்தியும் விலாங்கும் மீசையாலும் மோப்பத்தாலும் இரை தேடும். பாதுகாப்பான கரையும் ஒரு மண்புழுவும் போதும். பெரிய விலாங்கு கிடைத்தால் விட்டுவிடுங்கள் என்பேன். அது முட்டையிடக் கடலுக்குப் போகிற மீன், இந்த வெள்ளத்துக்காகத்தான் காத்திருந்திருக்கும். கெண்டை கண்ணால் பார்த்துக் கடிப்பது, கலங்கலில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மார்கழி பாதிக்கு மேல் மழை ஓயும், ஆறு தெளியும். முழங்கால் தண்ணீரில் மணல் தெரியும். சுத்தமல்லிக்கு மேலே காலை எட்டு மணிக்கு மைதா உருண்டையோடு உட்கார்ந்தால் பத்து மணிக்குள் ஒரு குழம்புக்குக் கெண்டை கிடைக்கும். அந்த மாதம் என்னை யாரும் போனில் கூப்பிடுவதில்லை.