சூரசம்ஹாரம்: சொல்லும் அதன் தமிழும்

ஐப்பசி வளர்பிறையில் வரும் கந்தசஷ்டியின் ஆறாம் நாள் விழா, கொழும்புக் கோயில் அழைப்பிதழ்களில் பெரும்பாலும் ‘சூரசம்ஹாரம்’ என்றே அச்சாகிறது. ஆனால் செட்டியார் தெருவிலோ பம்பலப்பிட்டியிலோ அதைப் பார்க்கப் புறப்படும் குடும்பத்தார் ‘சூரன் போருக்குப் போகிறோம்’ என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு வழக்கே சிறந்தது என்பது என் துணிபு.

‘சம்ஹாரம்’ வடசொல். ‘ஸம்’ ஒன்றுசேர்தலையும் ‘ஹ்ரு’ என்னும் வினையடி எடுத்தலையும் குறிப்பதால், சேர்த்து உள்ளெடுத்தல் என்பதே அதன் அடிப்பொருள். எய்த அத்திரத்தை மீட்டுக்கொள்வதையும் இதிகாசங்கள் இச்சொல்லால் குறிக்கின்றன. அழித்தல் என்பது அதிலிருந்து கிளைத்த பொருள். தமிழில் ‘சங்காரம்’ எனத் திரிந்து வழங்கும் இதற்குச் சைவ சித்தாந்தத்தில் உள்ள நேர்ச்சொல் ‘ஒடுக்கம்’; சிவஞானபோதத்தின் முதற் சூத்திரமும் ‘ஒடுங்கி’ என்றே ஆள்கிறது. ஆகவே, தமிழாக்குவதாக எண்ணிச் ‘சூரவதை’ என்று எழுதுவது சொல்லுக்கும் பொருந்தாது, கதைக்கும் பொருந்தாது.

கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில், தம்பியரான தாரகனும் சிங்கமுகனும் மாண்டபின், சூரபன்மன் கடல் நடுவே மாமரமாக நிற்கிறான். வேல் அம்மரத்தை இரண்டாகப் பிளக்கிறது. கூறுகள் மயிலும் சேவலுமாகிச் சினந்து பாய்ந்து வர, முருகனின் அருள்நோக்குப் பட்டதும் பகை நீங்கி, ஒன்று ஊர்தியாகவும் மற்றொன்று கொடியாகவும் அமைகின்றன. தம்பியர் கொல்லப்பட்டார்கள், சூரனோ ஆட்கொள்ளப்பட்டான்.

‘சூர்’ என்பது அச்சத்தையும் அச்சம் தரும் தெய்வத்தையும் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். திருமுருகாற்றுப்படை ‘சூர்முதல் தடிந்த சுடரிலை நெடுவேல்’ என்கிறது. அதே நூல் ‘மாமுதல் தடிந்த’ என்று மாமரத்தையும் சொல்கிறது. வீரன் என்னும் பொருளுடைய வடமொழிச் ‘சூர’ பின்னர் இதனோடு ஒலியொப்புமையால் கலந்தது என்று கருத இடமுண்டு.

கோயில் வீதியில் இளைஞர்கள் சூரனின் உருவத்தைத் தோளில் சுமந்து ஆட்டும்போது, யானைமுகம், சிங்கமுகம், சூரன்முகம் எனத் தலைகள் மாறுகின்றன; மாமரம் வருகிறது; கடைசியில் சேவலும் மயிலும் தோன்றுகின்றன. நம் கண்முன் நடப்பது போர். அது கொலையில் முடிந்ததென்று ‘சூரன் போர்’ என்னும் பெயர் சொல்வதில்லை. ஆதலால் அழைப்பிதழிலும் அதையே எழுதலாம்.