“கொதிக்கவைத்துத்தான் கொடுத்தேன், டாக்டர்”

கடந்த மூன்று வாரங்களில் இது நான்காவது குடும்பம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஒன்பது வயதுச் சிறுவனும் ஆறு வயதுச் சிறுமியும் அவர்களுடைய பாட்டியும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளியை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காய்ச்சல் இல்லை, பேதி இல்லை, வாந்தி மட்டும் நிற்கவில்லை. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது, முந்தைய இரவு வீட்டில் செய்த கிரீம் சாஸேஜ் பாஸ்தாவின் மிச்சம் என்றார் தாய். இரவு அதே பாஸ்தாவைச் சுடச்சுடச் சாப்பிட்டபோது யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மீதியை அடுப்பு மேலேயே மூடிவைத்துவிட்டு உறங்கச் சென்றவர், காலையில் கொஞ்சம் பால் விட்டுக் கிளறிச் சூடாக்கிக் கொடுத்திருக்கிறார். தந்தை வெளியே இட்லி சாப்பிட்டுவிட்டு வந்ததால் தப்பித்துக்கொண்டார். தாய்க்கு இன்னும் சாப்பிட நேரம் கிடைக்கவில்லை.

கிளம்பும் அவசரத்திலும் அந்தப் பாத்திரத்தைக் கைபேசியில் படம் எடுத்து வந்திருந்தார். அடிகனமான, ஆழமான பெரிய பாத்திரம். அடியில் இரண்டு கரண்டி மிச்சம். இரவு எதுவரை நிறைந்திருந்தது என்பதைக் காட்டும்படி பாதி உயரத்துக்கு மேலே கிரீம் காய்ந்து ஒரு மஞ்சள் வளையம். ஐந்து பேர் கொண்ட வீட்டில், நாளைக்கும் ஆகும் என்று பெரிய பொட்டலம் முழுவதையும் கொட்டி வேகவைத்திருக்கிறார்கள். எனக்கு வேண்டிய நோய் வரலாறு முழுவதும் அந்த வளையத்தில் இருந்தது.

பாலும் கறியும் சேர்ந்தால் வயிறு ஏற்குமா என்று வாந்திக்கு நடுவிலும் மருமகளைக் குறை கூறினார் பாட்டி. தந்தை, சாஸேஜ் பொட்டலத்தின் காலாவதித் தேதியைப் படித்துக்கொண்டிருந்தார். தாயோ, “நல்லா கொதிக்கவைத்துத்தான் கொடுத்தேன், டாக்டர்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மூவர் சொன்னதும் காரணத்தைத் தொடவில்லை. பாலும் இறைச்சியும் சேர்த்துச் சமைப்பது உலகின் பல ஊர்களில் அன்றாட வழக்கம், அதனால் யாருக்கும் இப்படி வாந்தி வருவதில்லை. சாஸேஜும் அன்று குற்றமற்றது. ஆனால் அந்தத் தாய் சொன்ன வாக்கியத்தை நான் வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்கிறேன். அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரி மண்ணில் வாழ்வது. அரிசி, கோதுமை போன்ற தானியங்களோடு எளிதாக அடுக்களைக்கு வந்துவிடும். அதன் வித்துகள், அதாவது கடுமையான சூழலைத் தாங்க அது எடுக்கும் உறக்க வடிவம், கொதிநீரில் சாவதில்லை. பாஸ்தா வெந்து, கிரீமில் புரண்டு, மெல்ல ஆறி இளஞ்சூட்டுக்கு வரும்போது அந்த வித்துகள் விழித்துக்கொண்டு பெருகத் தொடங்குகின்றன. பெருகும்போது அவற்றில் சில வகைகள் செரியுலைடு என்ற நஞ்சை உணவிலேயே சுரந்து வைக்கின்றன. மறுநாள் காலையில் நீங்கள் கொதிக்கவைக்கும்போது கிருமிகள் சாகலாம், நஞ்சு அப்படியே இருக்கும். 121 டிகிரி செல்சியஸில், அதாவது பிரஷர் குக்கரின் உச்சச் சூட்டில், ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. திருடன் வீட்டைக் கொள்ளையடித்துவிட்டுப் போன பிறகு கதவைத் தாழிடுவது போன்றதுதான் காலைக் கொதி. அந்த நஞ்சுக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. ஆகவே “முகர்ந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது” என்பதும் எனக்குச் சமாதானமாகாது. சாப்பிட்ட அரை மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். பெரும்பாலானோருக்கு ஒரு நாளில் தணிந்துவிடும்.

பெரும்பாலானோருக்கு என்றுதான் சொல்ல முடியும். பெல்ஜியத்தில் 2008ஆம் ஆண்டு 20 வயது மாணவர் ஒருவர், ஐந்து நாட்களுக்கு முன் சமைத்து அறை வெப்பத்திலேயே விட்டுவைத்த ஸ்பகெட்டியை மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிட்டார். அரை மணி நேரத்தில் தலைவலியும் வயிற்றுவலியும் குமட்டலும் தொடங்கின. அன்றிரவே உறக்கத்தில் இறந்துபோனார். ஐந்து நாள் எங்கே, ஓர் இரவு எங்கே என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். அதே நாட்டில் 2003ஆம் ஆண்டு நடந்ததையும் கேளுங்கள். வெள்ளிக்கிழமை செய்த பாஸ்தா சாலட்டைச் சனிக்கிழமை சுற்றுலாவுக்கு எடுத்துச் சென்ற குடும்பம், மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் வைத்துத் திங்கட்கிழமை மாலை சாப்பிட்டது. ஐந்து பிள்ளைகளும் நோயுற்றார்கள், ஏழு வயதுச் சிறுமி கல்லீரல் செயலிழந்து இறந்தாள். அந்த வீட்டு ஃப்ரிட்ஜின் வெப்பநிலையை அளந்தபோது 14 டிகிரி செல்சியஸ் இருந்தது. 5 டிகிரிக்குள் இருந்திருக்க வேண்டும். பெல்ஜியத்தின் குளிர்ந்த வீடுகளிலேயே இப்படியென்றால், சித்திரை மாத நள்ளிரவிலும் முப்பது டிகிரிக்கு இறங்காத நம் அடுக்களைகளில், மூடிபோட்ட ஆழமான பாத்திரத்தில் எட்டு மணி நேரம் என்பது எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். தகுந்த சூட்டில் இந்தக் கிருமிகள் இருபது முப்பது நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும்.

இந்த இடத்தில் தவறாமல் ஒரு குரல் எழும். பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள், எங்களுக்கு இரவு வெளியில் வைத்த சாப்பாடு புதிதா என்று. பழைய சோற்றின் மீது எனக்குப் பகையில்லை, சின்ன வெங்காயத்தோடு நானும் சாப்பிடுகிறவள்தான். ஆனால் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கும்போது லாக்டிக் அமில நுண்ணுயிரிகள் முந்திக்கொண்டு பெருகி நீரைப் புளிக்க வைக்கின்றன; அந்தப் புளிப்பில் பேசில்லஸ் சீரியஸ் தழைக்க முடிவதில்லை. நம் பாட்டிமார் சோற்றை அப்படியே மூடிவைக்காமல் நீரூற்றி வைத்ததன் அருமை அதில்தான் இருக்கிறது. கிரீம் பாஸ்தாவில் புளிப்பு எங்கிருந்து வரும்? மாவும் பாலும் இறைச்சியும் ஈரமும், புளிப்பே இல்லாமல், கிருமிக்கு யாரோ தேடித்தேடிச் சமைத்துக் கொடுத்த விருந்து போல இருக்கிறது. நீரூற்றாமல் விட்ட சோற்றிலும் இதே ஆபத்து உண்டு. 1970களில் இங்கிலாந்தில் இந்த வாந்தி நோய் முதலில் அடையாளம் காணப்பட்டதே, உணவகங்களில் வடித்து வெளியில் வைத்துப் பிறகு வறுத்த ஃப்ரைடு ரைஸின் வழியாகத்தான்.

மிச்சத்தை உடனே ஃப்ரிட்ஜில் வைக்கவிடாத இரண்டாவது தடங்கல், உணவைச் சூடாக வைத்தால் ஃப்ரிட்ஜ் கெட்டுவிடும் என்ற நம்பிக்கை. அந்தத் தாயும் ஆறட்டும் என்றுதான் காத்திருந்தார், காத்திருக்கையில் உறங்கிப்போனார். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து இரவில் பிள்ளைகள் கேட்டார்களே என்று சமைத்தவரை நான் எப்படிக் கடிந்துகொள்வேன்? உணவு ஆவி பறக்காத நிலைக்கு வந்தால் போதும், கைபொறுக்கும் சூட்டிலேயே உள்ளே வைக்கலாம், ஃப்ரிட்ஜுக்கு ஒன்றும் ஆகாது. வெளியில் இருக்கும் மொத்த நேரம் இரண்டு மணியைத் தாண்டக் கூடாது; நம் கோடையில் ஒரு மணி.

நானும் வீட்டில் கிரீம் சாஸேஜ் பாஸ்தா செய்கிறேன், செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு 80 கிராம் உலர்ந்த பாஸ்தா போதும். இந்த அளவைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்தவர்கள் பிறகு மிச்சம் வைப்பதில்லை. சாஸேஜை முந்தைய இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், ஒரு கிண்ணத்துக்குள், இளக விடுங்கள்; காலையில் எடுத்து மாலைவரை அடுக்களை மேடையில் போடாதீர்கள். நறுக்கிய துண்டுகளை முதலில் எண்ணெயில் பொன்னிறமாகும்வரை வதக்கி எடுத்துவைத்து, அதே வாணலியில் பூண்டும் வெங்காயமும் சேர்த்து, கிரீமை மிதமான தீயில் கொதி வரும்வரை விட்டு, சாஸேஜைத் திரும்பப் போட்டு, கடைசியாகப் பாஸ்தாவையும் அது வெந்த நீரில் ஒரு கரண்டியையும் சேர்த்தால் வேலை முடிந்தது. வதக்கிய சாஸேஜைப் பச்சை சாஸேஜ் இருந்த தட்டிலேயே திரும்பவைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், வேண்டாம். உப்பைக் கடைசியில் ருசித்துப் பார்த்துப் போடுங்கள். சாஸேஜிலேயே அது தாராளமாக இருக்கிறது. மிஞ்சினால் அகலமான தட்டுப் பாத்திரத்தில் இரண்டு விரற்கடைக்கு மேற்படாமல் பரப்பி, மின்விசிறியின் கீழ் அரை மணி நேரம் ஆறவிட்டு, மூடி உள்ளே வைத்து, மறுநாளே முடித்துவிடுங்கள். இட்லி மாவுப் பாத்திரம், நான்கு பால் பாக்கெட், மல்லிகைப் பூப்பொட்டலம் என்று காற்றுப் புக இடமில்லாமல் திணித்த ஃப்ரிட்ஜில் இந்த அறிவுரையெல்லாம் பலிக்காது. திறந்த கிரீம் டப்பாவையும் வாரக்கணக்கில் கதவில் நிற்கவிடாதீர்கள்.

சாஸேஜ் அன்று குற்றமற்றது என்றேன். என்றும் அப்படி என்று சொல்லவில்லை. கடையில் கிடைப்பவற்றில் ஏற்கெனவே வேகவைத்தவையும் உண்டு, முற்றிலும் பச்சையானவையும் உண்டு. நைட்ரைட் என்ற பதனப் பொருள் சேர்த்தவை வெந்தாலும் வேகாவிட்டாலும் இளஞ்சிவப்பாகவே இருக்கும் என்பதால் நிறத்தை நம்பிப் பயனில்லை, பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். முழு இறைச்சித் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். அரைத்த இறைச்சியில் நடுவிலும் இருக்கும். அதனால் பச்சைக் கோழிச் சாஸேஜின் நடுப்பகுதி 74 டிகிரியை எட்ட வேண்டும். கர்ப்பிணிகள், ‘அப்படியே உண்ணலாம்’ என்று எழுதியிருந்தாலும் ஆவி பறக்கச் சூடாக்கித்தான் சாப்பிட வேண்டும். ஃப்ரிட்ஜின் குளிரிலும் வளரும் லிஸ்டீரியா என்ற கிருமி, 2017-18இல் தென்னாப்பிரிக்காவில் பதப்படுத்திய இறைச்சி வழியாகப் பரவி இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அவர்களில் பச்சிளங்குழந்தைகள் பலர்.

நான்கைந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சாஸேஜை நாணயம் போல வட்டமாக நறுக்கிக் கொடுக்காதீர்கள். அந்தத் துண்டு மூச்சுக்குழாயை அடைக்கும் அளவிலேயே அமைந்துவிடுகிறது. நீளவாக்கில் நான்காகப் பிளந்து, பிறகு பொடியாக நறுக்குங்கள். இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன், ஏனென்றால் இதற்கு என்னிடம் வந்து சேர நேரம் இருக்காது. வாரம் மூன்று நாள் சாஸேஜ் என்ற வழக்கத்தையும் மறுபரிசீலனை செய்யுங்கள். பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் 2015இல் வைத்தது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை.

இனி, வாந்தி வந்துவிட்டால். ஆன்டிபயாட்டிக் மாத்திரை கேட்டு மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள். ஏற்கெனவே சுரந்துவிட்ட நஞ்சுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. உப்பு சர்க்கரைக் கரைசலின் ஒரு லிட்டர் அளவுப் பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் முழுவதுமாகக் கரைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சிறு கரண்டியாகக் கொடுங்கள். ஒரு தம்ளரில் பாதிப் பொட்டலத்தைக் கொட்டிக் கலக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது குழந்தையின் உடலில் உப்பை ஏற்றிவிடும், எத்தனை முறை சொன்னாலும் என் தொண்டைதான் வறள்கிறது. குழந்தை ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை, எழுப்பினால் சரியாக விழிக்கவில்லை, கண்ணில் மஞ்சள் தெரிகிறது, வாந்தியில் இரத்தம் இருக்கிறது, கொடுக்கும் நீர் எதுவும் தங்கவில்லை என்றால் காலைவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். எதைச் சாப்பிட்டார்கள், எப்போது சமைத்தது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால், ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்குள் பாதி வேலை முடிந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் குடும்பம் மாலையில் வீடு திரும்பியது. பிள்ளைகள் இருவரும் தெளிந்துவிட்டார்கள், பாட்டிக்கு மட்டும் இரண்டு பாட்டில் நரம்புவழி நீர் ஏற்ற வேண்டியிருந்தது. வாசல்வரை போன பாட்டி திரும்பிவந்து, பாத்திரத்தில் மிச்சமிருப்பதைத் தெரு நாய்க்கு வைக்கலாமா, வீணாக்கவேண்டாமே என்று கேட்டார். நாய்க்கும் கல்லீரல் இருக்கிறது என்று சொல்லி, குப்பையில் கொட்டும்படி மருமகளிடம் கேட்டுக்கொண்டேன்.